மாம்பழ வினிகருக்கு எந்தப் பாத்திரம்?

ஜூன் மாதம் வந்தால் எங்கள் பக்கம் பெங்களூரா மாங்காய்க்கு மரியாதை போய்விடும். கூழ் ஆலைகள் விலையை இறக்கிவிட்டால் பறிகூலிக்கும் வண்டி வாடகைக்குமே கட்டுப்படியாகாது. அடிபட்ட பழமும் காற்றில் உதிர்ந்த பழமும் மரத்தடியிலேயே அழுகும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மாமாவின் தோப்பில் இதை வருடா வருடம் பார்க்கிறேன். அந்தப் பழத்தில் வினிகர் போடலாம் என்று இறங்கியபோது ஈஸ்ட், சர்க்கரை, நாள் கணக்கு பற்றியெல்லாம் படிக்க நிறையக் கிடைத்தது. எதில் ஊற்றி வைப்பது என்ற கேள்விக்குத்தான் நேரான பதில் இல்லை. 'சுத்தமான பாத்திரம்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். புளிக்க வைக்கும் வேலையில் பாதி முடிவைப் பாத்திரமே எடுத்துவிடுகிறது என்பதுதான் நான் கண்டது. அதனால் இந்தப் பதிவு முழுக்கப் பாத்திரத்தைப் பற்றித்தான்.

பனை ஏறுகிறவர்களுக்கு இது தெரியாத சங்கதி இல்லை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது பதநீர். தடவாமல் கட்டினால் அதே பாளை, அதே சாறு, கள்ளாகி இறங்கும். சுண்ணாம்பின் காரம் ஈஸ்டைத் தலைதூக்க விடுவதில்லை. மரம் ஒன்றுதான், கலயம்தான் வேறு.

பாத்திரத்தைப் பற்றி உலகத்தில் அதிகம் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் அதைச் செய்ய 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இடம் தராது, எனக்கும் அந்த நோக்கம் இல்லை. ஆனால் அவர்கள் சேர்த்து வைத்திருக்கும் அறிவு நமக்கு வேண்டும். என் சித்தி பையன் பெங்களூரில் ஒரு சிறு பீர் ஆலையில் வேலை பார்க்கிறான். அவனிடம் போனில் விவரம் கேட்டபோது, "அண்ணா, பாதி வழி வரைக்கும் நம்ம ரெண்டு பேர் வேலையும் ஒண்ணுதான். அதுக்கப்புறம் நாங்க எதை உள்ள விடக் கூடாதுன்னு பார்க்கறோமோ, அது உங்களுக்கு வேணும்" என்றான். அவன் சொன்னது காற்றை.

அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். வினிகர் இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டத்தில் ஈஸ்ட் பழச் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. இதற்கு வெளிக்காற்று தேவையில்லை. உள்ளே உண்டாகும் வாயு வெளியேற வழி இருந்தால் போதும். இரண்டாம் கட்டத்தில் அசிட்டோபாக்டர் என்ற பாக்டீரியா அந்தச் சாராயச் சத்தைப் புளிப்பாக, அதாவது அசிட்டிக் அமிலமாக மாற்றுகிறது. இதற்குக் காற்று இல்லாமல் ஒரு அடி நகராது. 1860-களில் லூயி பாஸ்டர் பிரான்சில் இதைத்தான் நிறுவினார்: வினிகரின் மேலே படியும் ஏடு உயிருள்ளது, அது காற்றை எடுத்துக்கொண்டுதான் வேலை செய்கிறது என்று. ஆக, முதல் கட்டத்துக்கு வாய் மூடிய, உயரமான பாத்திரம். இரண்டாம் கட்டத்துக்கு வாய் திறந்த, அகலமான பாத்திரம். ஒரே பாத்திரத்தில் இரண்டையும் ஒப்பேற்ற நினைத்தால் ஏதாவது ஒரு பக்கம் இடிக்கும்.

அளவை முதலில் முடிவு செய்தேன். 20 கிலோ பழத்தில் தோல், கொட்டை போக ஏறக்குறைய 12 கிலோ கூழ் தேறும். பழுத்த பெங்களூராவின் இனிப்பு 14 முதல் 16 பிரிக்ஸ் வரை இருக்கும். கூழ் ஆலையில் வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் பேசும் அளவு அது. நூறு கிராம் சாற்றில் எத்தனை கிராம் சர்க்கரை என்று தோராயமாக எடுத்துக்கொள்ளலாம். வினிகருக்கு 11, 12 பிரிக்ஸ் போதும். தண்ணீர் விட்டு அந்த அளவுக்குக் கொண்டுவந்தால் மொத்தம் 16 லிட்டர் வரும். அப்படியென்றால் 20 லிட்டர் கேன் போதுமே என்று தோன்றும். போதாது. மாம்பழக் கூழில் நார் அதிகம். வாயு அந்த நாரை மேலே தூக்கிக்கொண்டு வரும், அதன் மேல் நுரை நிற்கும். பீர்க்காரர்கள் கால்வாசியாவது காலி இடம் விடச் சொல்வார்கள். மாம்பழத்துக்கு அதைவிடக் கூடுதலாக விட வேண்டும் என்பது என் கருத்து. 16 லிட்டருக்கு 25 லிட்டர் பாத்திரம் குறைந்தபட்சம், 30 இருந்தால் நிம்மதி.

வாயுவின் அளவையும் ஒரு தரம் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 100 கிராம் சர்க்கரை முழுவதும் புளித்தால் 25 லிட்டருக்கு மேல் கரியமில வாயு வரும். என் 16 லிட்டர் சாற்றில் இருப்பது சுமார் 1.8 கிலோ சர்க்கரை. நானூறு லிட்டருக்கு மேல் வாயு ஒரு சின்னத் துளை வழியாக வெளியே போயாக வேண்டும். இந்தக் கணக்கு மனதில் இருந்தால் புளிக்கும் சாற்றைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி மூடியை இறுக்கும் எண்ணம் யாருக்கும் வராது. பாட்டில் வெடித்துக் கை, கண் போகும்.

முதல் கட்டத்துக்கு என்னென்ன பார்த்தேன் என்று சொல்கிறேன்.

எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது தண்ணீர் கேன். வீட்டுக்கு வீடு இருக்கிறது, 20 லிட்டர் பிடிக்கிறது, உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அதன் கழுத்துக்குள் கை போகாது. மாங்கூழ் காய்ந்து ஒட்டிய வளையத்தைத் தேய்த்து எடுக்க முடியாது. வெந்நீர் ஊற்றிக் கழுவலாம் என்றால் பெட் (PET) என்ற பிளாஸ்டிக் வகைக் கேன் சுருங்கிவிடும். பழைய பாலிகார்பனேட் கேன் சூட்டைத் தாங்கும், ஆனால் சாராயச் சத்தும் புளிப்பும் அதில் நாள் கணக்கில் கிடப்பது நல்லதல்ல. அதிலிருந்து பிஸ்பினால்-ஏ என்ற வேதிப்பொருள் கசிவதைப் பற்றி வெகுகாலமாக எச்சரித்து வருகிறார்கள். அதோடு, சுற்றில் இருக்கும் கேன் எத்தனை வீட்டுத் திண்ணையில் உருண்டதோ. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மெல்லிய கீறல்கள் தெரியும். அந்தக் கீறலுக்குள் ஒளியும் கிருமியைச் சோப்பு தொடாது. பழத்தை நன்றாக வடிகட்டித் தெளிந்த சாறாக ஊற்றுகிறவர்கள் புதுக் கேனில் செய்யலாம். கூழோடு செய்கிறவர்களுக்கு இது வேண்டாம்.

பெரிய கண்ணாடிக் குடுவையை பீர்க்காரர்களில் ஒரு சாரார் கொண்டாடுவார்கள். கீறல் விழாது, வாசனை பிடிக்காது, காற்று ஊடுருவாது. எல்லாம் உண்மைதான். ஆனால் 20 லிட்டர் குடுவை, சாற்றோடு சேர்த்து 25 கிலோவுக்கு மேல் போகும். ஈரக் கையோடு சிமெண்டுத் தரையில் அதைத் தூக்கி வைக்கும் வேலையை நான் எங்கள் வீட்டில் யாருக்கும் கொடுக்க மாட்டேன். சூடு மாறினால் விரிசல் விடும் பயமும் இருக்கிறது. காற்று ஊடுருவாத குணத்துக்கு பீரில் பெரிய மதிப்பு, மாதக்கணக்கில் வைத்தால் சுவை கெடாது. வினிகருக்கு அது தேவையே இல்லை, அடுத்த கட்டத்தில் நாமே காற்றை அழைக்கப்போகிறோம்.

மண்பானை விஷயத்தில் மட்டும் மனசு கொஞ்சம் இழுத்தது. போச்சம்பள்ளி சந்தையில் பானை விற்கும் அம்மாவிடம் புளிக்க வைக்க என்று சொல்லிக் கேட்டேன். "புளிச்ச தண்ணிக்குப் பழகின பானைதான் சாமி நல்லது, புதுசு ஒழுகும், மண்ணு வாசம் போகாது" என்றார். விற்கிறவரே அப்படிச் சொன்னதில் எனக்கு மரியாதை கூடிவிட்டது. அவர் சொன்னதில் சரக்கு இருக்கிறது. கேழ்வரகுக் கூழுக்குக் கரைத்து வைக்கும் பானையில் நுண்துளைகளில் தங்கிய பழைய புளிப்பே மறுநாள் மாவைப் புளிக்க வைக்கிறது. ராத்திரி கரைத்துக் காலையில் காய்ச்சுகிற வேலைக்கு அது மெத்தச் சரி. மாதக்கணக்கில் அமிலம் நிற்கும் வேலைக்குச் சரிவராது. பூச்சு இல்லாத பானை கசியும், நீர் ஆவியாகி அளவு குறையும், உள்ளே எந்தக் கிருமி குடியிருக்கிறது என்பது நம் கட்டுப்பாட்டில் இருக்காது.

அலுமினியம், பித்தளை, செம்பு பக்கமே போகக் கூடாது. புளிப்பு அவற்றைக் கரைத்துக் குடிக்கிற பொருளில் சேர்த்துவிடும். ஈயம் பூசிய பித்தளை அண்டா வீட்டில் சும்மாதான் கிடந்தது. பூச்சு எங்கே தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு, அதனால் அதையும் ஒதுக்கினேன்.

எவர்சில்வர் நல்ல தேர்வு, ஒரு நிபந்தனையோடு. கிருஷ்ணகிரி பாத்திரக் கடையில் விசாரித்தபோது சமையல் பாத்திரம் பெரும்பாலும் 202 வகை என்றார்கள். அதில் நிக்கல் குறைவு. நாள்பட்ட புளிப்பில், நிக்கல் கூடுதலான 304 வகை எவர்சில்வர் தாங்கும் அளவுக்கு அது தாங்காது. பீர் ஆலைத் தொட்டிகள் 304-ல் செய்தவை, அடிப்பாகம் கூம்பாக இருக்கும், ஈஸ்ட் வண்டல் கூம்பின் நுனியில் சேர்ந்ததும் வால்வைத் திறந்து எடுத்துவிடுவார்கள். அந்த வசதி அருமையானது. 16 லிட்டர் மாம்பழச் சாற்றுக்கு அவ்வளவு செலவு தேவையில்லை.

கடைசியில் நான் எடுத்தது ஹெச்.டி.பி.இ (HDPE) என்ற கெட்டி பிளாஸ்டிக்கில் செய்த 30 லிட்டர் வெள்ளை டிரம். முக்கோணத்துக்குள் 2 என்ற எண்ணும், உணவுப் பொருளுக்கானது என்று காட்டும் கண்ணாடிக் கோப்பை-முள்கரண்டிக் குறியும் அடியில் இருக்க வேண்டும். வாய் அகலம், தோள் வரை கை போகும். திருகு மூடிக்குள் ரப்பர் வளையம். நல்ல சூடான தண்ணீரைத் தாங்கும். ஊறுகாய் கம்பெனியில் கழித்த டிரம் பாதி விலைக்குக் கிடைத்தது, முகர்ந்து பார்த்ததோடு விட்டுவிட்டேன். இந்த பிளாஸ்டிக் வாசனையைப் பிடித்துக்கொண்டால் விடவே விடாது. மருந்து, ரசாயனம் வந்த நீல டிரம்மை எவ்வளவு கழுவிக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். புது டிரம்மிலும் ஒரு சோதனை செய்துவிடலாம்: வெந்நீர் நிரப்பி மூடி ராத்திரி முழுக்க வைத்து, காலையில் அந்தத் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் வாடை அடித்தால் சமையல் சோடா கரைத்து மறுபடி ஊற வைக்கலாம். கழுவும்போது கம்பி நார் மட்டும் கூடாது, மெல்லிய துணி போதும். கேனில் பார்த்த கீறலை நாமே இங்கே போடக் கூடாது.

மூடி வேலைக்கு ஒரு சாயங்காலம் போயிற்று, ஆனால் பிடித்த வேலை. நடுவில் துளை போட்டு, விளிம்பில் நிற்கும் பிசிறைக் கத்தியால் சீவி, எலக்ட்ரிக்கல் கடையில் ஒயர் நுழையும் துளைக்குப் போடும் ரப்பர் கிராமெட்டைப் பொருத்தினேன். கிராமெட்டுக்குள் குழாய் இறுக்கமாக நுழைய வேண்டும். உள் வாயுவை வெளியே விட்டு வெளிக்காற்றைத் தடுக்க பீர்க்காரர்கள் வைக்கும் எஸ் வடிவ ஏர்லாக் பார்க்க அழகு, ஆனால் அதன் துவாரம் சின்னது. மாம்பழ நார் ஒரு துணுக்கு ஏறினாலே அடைத்துக்கொள்ளும், அப்புறம் மூடியே பறக்கும். மீன் தொட்டிக் குழாயும் அதே காரணத்தால் வேண்டாம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூப் இருக்கிறதே, அதில் ஒரு மீட்டர் வாங்கினேன். உள்துவாரம் பெரிது, எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், கண்ணாடி போல் தெரிவதால் நுரை ஏறினால் பார்க்கலாம். சாறு அதில் படாது, வாயு மட்டும்தான் போகும். மறுமுனை ஒரு பாட்டில் தண்ணீருக்குள் இரண்டு விரல் ஆழம். பாட்டிலில் தண்ணீர் கொஞ்சமாகவே இருக்கட்டும். இரவில் டிரம் குளிர்ந்து உள்ளே இழுத்தால், இழுபடும் தண்ணீர் டியூபுக்குள்ளேயே நின்றுவிடும்.

மூடியை மூடிய பின் டியூபில் வாய் வைத்து ஊதிப் பாருங்கள். ஊதிய காற்று உள்ளே நின்று எதிர்த்துத் தள்ள வேண்டும். எனக்கு முதலில் நிற்கவில்லை, ரப்பர் வளையத்தில் ஒரு தையல் கோடு துருத்திக்கொண்டிருந்தது. அதைத் தேய்த்துச் சமன் செய்ததும் நின்றது.

பேக்கரிக்காரர்கள் வாங்கும் உலர் ஈஸ்ட்டில் கொஞ்சம் வெதுவெதுப்பான சாற்றில் ஊற வைத்துக் கலந்தேன். பொழுது சாய்வதற்குள் பாட்டிலில் குமிழ் கிளம்பிவிட்டது. மறுநாள் மூடியைத் திறந்தால் நார் எல்லாம் மேலே திரண்டு நான்கு விரல் தடிமனுக்கு அடை கட்டியிருந்தது, அதன் வெடிப்புகளில் மஞ்சள் நுரை. அந்த அடையைக் கொதிநீரில் கழுவிய மர அகப்பையால் தினமும் அமுக்கிவிட வேண்டும். விட்டால் மேல்பகுதி காய்ந்து பூஞ்சை பிடிக்கும். அகல வாய் டிரம்மின் அருமை இங்கேதான் தெரிகிறது.

சூட்டைச் சொல்லாமல் விடக் கூடாது. ஈஸ்ட் வேலை செய்யும்போது அதுவே சூடு கிளப்பும். எங்கள் ஊர் வெயிலில் சார்ப்புக்குக் கீழே வைத்தால் சாறு 35 டிகிரியைத் தாண்டிவிடும், வாடை கெடும். டிரம்மை அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு சாண் தண்ணீரில் நிறுத்தி, சுற்றிலும் நனைத்த சாக்கைப் போர்த்தினேன். மண்பானையை வாங்கவில்லை என்றாலும் அது தண்ணீரைக் குளிர்விக்கும் வித்தை இங்கே உதவியது.

குமிழ் நின்று அடை கீழே இறங்கியதும் இரட்டை வேட்டித் துணியில் வடிகட்டி, அன்றைக்கே இரண்டாம் கட்டப் பாத்திரத்துக்கு மாற்றினேன். இங்கே தேவை எல்லாம் தலைகீழ். பிரான்சில் ஆர்லியான் நகரத்தில் பழைய முறையில் வினிகர் போடுகிறவர்கள் மரப் பீப்பாயைப் படுக்க வைத்து, முழுதும் நிரப்பாமல் விடுவார்கள். படுக்க வைத்தால் திரவத்தின் மேற்பரப்பு விரியும், பக்கத் துளைகளால் காற்று நுழையும். பாத்திரம் எதுவானாலும் இந்த ஒரு பாடம் போதும்.

30 செ.மீ. விட்டமுள்ள டிரம்மில் 15 லிட்டரை விட்டால் 21 செ.மீ. ஆழம் நிற்கும். 40 செ.மீ. விட்டமுள்ள பாத்திரத்தில் அதே அளவு 12 செ.மீ.தான், காற்றுப் படும் பரப்போ முக்கால் பங்குக்கு மேல் கூடுகிறது. வீட்டில் பெரியம்மா கொடுத்த ஊறுகாய் ஜாடி ஒன்று இருந்தது. நல்ல பீங்கான் ஜாடி வினிகருக்குத் தாராளமாக ஏற்றது. ஆனால் பழைய மெருகுப் பூச்சுகளில் காரீயம் கலந்திருக்க வாய்ப்புண்டு, வினிகரின் அமிலம் அதை மெல்ல இழுத்துவிடும். எங்கே செய்தது என்று தெரியாத ஜாடி, உள்ளே மயிரிழை வெடிப்பு வேறு. அதில் உப்பு மாங்காய் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அகல வயிறுள்ள 10 லிட்டர் கண்ணாடி ஜாடிகள் மூன்று வாங்கினேன். இங்கே தூக்கும் வேலை இல்லை, வைத்த இடத்தில் இருக்கும், அதனால் கண்ணாடிக்கு நான் மேலே சொன்ன குறை பொருந்தாது. ஜாடியைக் கழுத்து வரை நிரப்பாதீர்கள். வயிறு எங்கே அதிக அகலமோ அந்த மட்டத்தோடு நிறுத்துங்கள். கழுத்துக்கு ஏறினால் அகல ஜாடி வாங்கியதே வீண்.

கொதிக்க வைக்காத பழைய வினிகரை ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தேன். அதில் பாக்டீரியாவும் இருக்கிறது, ஆரம்பப் புளிப்பு மற்ற கிருமிகளையும் தடுக்கிறது. வாயைக் கட்ட வலைத் துணி உதவாது. மாம்பழம் இருக்கும் இடத்தில் அந்தப் பொடி ஈ எந்த இடுக்கிலும் நுழையும். நெருக்கமாக நெய்த வேட்டித் துணியை இரண்டாக மடித்து, சைக்கிள் டியூபில் வெட்டிய வளையத்தால் இறுக்கினேன்.

சில நாளில் மேலே சாம்பல் தூவிய மாதிரி ஒரு மங்கல் தெரிந்தது. பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் விளிம்பிலிருந்து நடுவுக்கு வழவழப்பாக ஒரு தோல் படர்ந்துகொண்டு வந்தது. வழவழப்பாக, ஈரமாக இருந்தால் அதுதான் நமக்கு வேண்டிய ஏடு. வறண்டு, வெள்ளையாக, சுருக்கம் சுருக்கமாக இருந்தால் அது வேறு ஈஸ்ட், வழித்து எறிந்துவிட்டு இன்னும் கொஞ்சம் பழைய வினிகர் சேர்க்கலாம். பச்சை, கறுப்பு என்று மயிர் முளைத்தால் மொத்தமும் குப்பைக்குத்தான். ஏட்டைக் கலக்கி முக்கக் கூடாது, முங்கிய ஏடு வேலை செய்யாது, மேலே புதிதாகப் படிய வேண்டும். சுவை பார்க்கக் கரண்டி விடாமல், ஓரமாகச் செருகிய சிலிகான் குழாய் வழியே அடியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்துக்கொள்கிறேன். அடியில் திறந்து மூடும் குழாய் வைத்த ஜாடி கிடைத்தால் இன்னும் சௌகரியம். ஆனால் அந்தக் குழாய் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். பளபளவென்று இருப்பது பெரும்பாலும் முலாம் பூசிய பித்தளை, வினிகர் அதை உள்ளிருந்து தின்னும்.

மூக்கைத் துளைக்கும் நெடி நின்று, புளிப்பு நிதானமானதும் கூழ் ஆலை ஆய்வகத்தில் இருக்கும் நண்பரிடம் ஒரு பாட்டில் கொடுத்தேன். அமிலம் 4 சதவீதத்துக்குச் சற்று மேல் என்றார். புளிக்க வைத்துச் செய்த வினிகருக்கு இந்திய உணவுத் தர விதி கேட்பது குறைந்தது 3.75 சதவீதம்.

அப்புறம் மூன்றாவதாக ஒரு பாத்திரம் வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சாராயச் சத்து தீர்ந்த பிறகும் அகல ஜாடியில் காற்றோடு விட்டுவைத்தால் அதே பாக்டீரியா அசிட்டிக் அமிலத்தையே தின்னத் தொடங்கும், வினிகர் நாளுக்கு நாள் சப்பென்று ஆகும். ஏட்டை அடுத்த முறைக்கு எடுத்து வைத்துவிட்டு, குறுகிய கழுத்துள்ள கண்ணாடி பாட்டிலில் கழுத்து முட்ட ஊற்றி மூட வேண்டும். தகர மூடி துருப்பிடித்து உள்ளே சொட்டும். பிளாஸ்டிக் மூடியோ தக்கையோ போடுங்கள்.